பழைய பெற்றோலும் கடற்பயணமும்

பனாட்டையும் ஒடியலையும் புழுக்கொடியலையும் மாரிகாலத்துக்கென எடுத்துவைப்பது வேலணை முதலிய தீவுப்பகுதிகளில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். கடல் சூழ்ந்த ஊர்களில் நாளைக்கு வேண்டியதை இன்றே சேர்த்துவைப்பவரே விவேகி எனப்படுவர். இப்பழக்கம் காலப்போக்கில் எரிபொருளுக்கும் பரவிற்று. ஆனால் பனாட்டுக்கு உள்ள ஆயுள் பெற்றோலுக்கு இல்லை. இதனை உணராதவிடத்து நேரும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் கடற்றொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நன்று.

எரிபொருளைச் சேர்த்துவைக்கும் வழக்கத்தை யாழ்ப்பாணத்தவர்க்குக் கற்பித்தது பஞ்சமே எனலாம். 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் குடாநாட்டு மக்கள். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. இவற்றைக் கண்டவர்கள் கிடைத்ததைக் கலனில் ஊற்றி, வீட்டின் மூலையில் வைத்ததில் வியப்பில்லை.

பஞ்சம் இல்லாத காலத்திலும் எரிபொருள் தேங்குவதற்குப் பருவகாலம் காரணமாகின்றது. வாடைக்காற்றும் மழையும் கடுமையாகும் நாட்களில் சிறு படகுகள் கரையேற்றப்படுகின்றன. வெளியிணைப்பு இயந்திரம் கழற்றப்பட்டு வீட்டுக்கு வருகின்றது. தாங்கியில் எஞ்சிய எண்ணெய் அப்படியே கிடக்கின்றது. தீவுப்பகுதி மக்கள் பலர் குடியேறி வாழும் கனடாவில் இந்நிலை தலைகீழானது. அங்கே பனியின்மேல் விரைந்தோடும் பனிவண்டிகள் கோடை முழுவதும் கொட்டிலில் உறங்குகின்றன. கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த பொம்பார்டியர் என்பவர் 1959 ஆம் ஆண்டில் தனிமனிதர் ஓட்டத்தக்க இலேசான பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்று தொட்டு, முதற்பனி விழுந்ததும் பழைய பெற்றோலுடன் புறப்பட்டு நடுக்காட்டில் நின்றுபோவோர் அங்கும் உளர். உறைந்த காடாயினும் உப்புக் கடலாயினும், பெற்றோல் முதுமையடையும் விதி ஒன்றே.

பெற்றோல் ஒரு தனிப்பொருளன்று. பல்வகை ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் இலேசானவையே இயந்திரம் எளிதிற் கிளம்ப உதவுவன. கலனின் மூடி சிறிது தளர்ந்திருப்பினும் இவையே முதலில் ஆவியாகி வெளியேறிவிடும். எஞ்சியவற்றுட் சில காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, பிசின் போன்ற பொருளாக மாறும். காபரேற்றரில் எரிபொருள் செல்லும் துளைகள் மிக நுண்ணியவை. அவற்றை அடைப்பதற்கு இப்பிசின் சிறிதளவு போதுமானது. மூன்றாவது பகை நீர். ஈரக்காற்று புகும் அரைகுறைக் கலனில் இரவுக் குளிரினால் நீர்த்துளிகள் படியும். நீர் பெற்றோலிலும் கனமானதாகையால் அடியிலே தங்கும். எரிபொருட் குழாயும் பெரும்பாலும் அடியிலிருந்தே உறிஞ்சும். கனடாவிலும் இந்தியாவிலும் போல எதனோல் கலந்த பெற்றோலாயின், அது ஈரத்தை மேலும் விரைவாக ஈர்க்கும்.

மண்ணெண்ணெய் இவ்வளவு விரைவிற் கெடுவதில்லை. ஆனால் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பலவற்றையும் முதலிற் கிளப்புவதற்குச் சிறிது பெற்றோல் வேண்டும். அதற்கென வைத்த சிறு போத்தல் நாளுக்கு ஓரிரு மிடறே செலவாவதால், படகிலுள்ள எரிபொருள்களுள் அதுவே மிகப் பழையதாக இருக்கக்கூடும்.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. குழாயிலும் காபரேற்றர்க் கிண்ணத்திலும் நல்ல எண்ணெய் சிறிது எஞ்சியிருப்பின், இயந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்பும். படகோட்டி மனநிறைவோடு புறப்படுவார். சில நிமிடங்களுக்குப் பின்னரே தாங்கியின் அடியிலுள்ள நீரும் கசடும் இயந்திரத்தைச் சென்றடையும். பண்ணைப் பாலத்தை அண்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் இது நேர்ந்தால், இறங்கிப் படகைத் தள்ளிக் கரைசேரலாம். நெடுந்தீவுப் பக்கத்துத் திறந்த கடலில் நேர்ந்தால், காற்றும் நீரோட்டமும் செலுத்திய திசையே திசை. ஆதலால் சோதனை கரையிலேயே முடிதல் வேண்டும்.

முதற்கண், எரிபொருளின் வயதை அறிக. வாங்கிய நாளைக் கலனில் எழுதிவைத்தல் எளிய வழி. வெப்பமான இடத்தில் மூன்று மாதங்களைக் கடந்த பெற்றோலை ஐயத்துடனேயே நோக்கவேண்டும். அடுத்து, நெருப்பில்லாத திறந்தவெளியில், கலனின் அடியிலிருந்து சிறிதளவை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாது வைக்கவேண்டும். நல்ல பெற்றோல் தெளிந்திருக்கும். கெட்டது நிறம் கறுத்துப் பழைய வார்ணிசு போல நாறும். நீர் கலந்திருப்பின் அடியில் வேறொரு படலம் தென்படும். இரண்டடிப்பு இயந்திரத்துக்கென முன்னரே எண்ணெய் கலந்த பெற்றோல் இயல்பாகவே நிறமுடையது. அதனை மணத்தாலும் வயதாலுமே மதிப்பிடவேண்டும். அதிலுள்ள பெற்றோல் ஆவியாக, எண்ணெயின் விகிதம் கூடிப் பிளக்கிற் கரி படியும்.

எரிபொருள் கெட்டதென அறிந்தால் தாங்கியையும் குழாயையும் காபரேற்றர்க் கிண்ணத்தையும் வெறுமையாக்கி, வடிகட்டியையும் பிளக்கையும் துப்புரவு செய்து, புதிய எரிபொருளை நிரப்பவேண்டும். சற்றே பழையதைப் புதியதுடன் கலந்து பயன்படுத்துவோர் உளர். தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரம் நின்றால் தோட்டமே காயும். படகின் இயந்திரம் நின்றால் நிலை வேறு. எனவே கடலுக்கு அக்கலவை ஆகாது. இறுதியாக, படகைக் கரையோரம் கட்டிவைத்தோ, இயந்திரத்தை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கியோ, கால்மணி நேரம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்க்கவேண்டும். குளிர்விக்கும் நீரின்றி ஓட்டுதல் கூடாது.

கழித்த பெற்றோலை என்செய்வது? வீணாகாதிருக்கட்டும் என்று அதனைப் போத்தல் விளக்கிலோ மண்ணெண்ணெய் அடுப்பிலோ ஊற்றுதல் உயிருக்கு உலைவைக்கும் செயலாகும். மண்ணெண்ணெய் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதற்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வெப்பமேனும் வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியைத் தரும். வேலியோரத்து மண்ணில் ஊற்றுவதும் தகாது. தீவுப்பகுதியின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லின் துளைகளில், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. சாட்டிக் கிணறுகளின் நன்னீர் எத்துணை அருமையானது என்பதைத் தீவகத்தார் அறிவர். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை குறித்த வழக்கு, 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. ஆகவே கழிவைப் பெயர் எழுதிய தனிக்கலனில் மூடிவைத்து, கழிவெண்ணெய் ஏற்கும் வாகனத் திருத்தகத்தில் ஒப்படைப்பதே முறை.

வருமுன் காத்தல் இவை அனைத்தினும் எளிது. இயந்திரத்தை ஓய்வுக்கு வைக்குமுன், நீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருட் குழாயைக் கழற்றி, அது தானாக நிற்கும்வரை விட்டால் காபரேற்றர் வெறுமையாகும். எரிபொருளை அதற்குரிய கலனில் இறுக மூடி, வெயிலும் அடுப்பும் அணுகாத நிழலில், வீட்டுக்குப் புறம்பே வைக்கவேண்டும். தேவைக்கு மிஞ்சிச் சேர்த்தலைத் தவிர்த்து, முன்னர் வாங்கியதை முன்னர்ச் செலவிடல் வேண்டும்.

வலையின் கண்ணறுந்ததா, படகில் நீர் ஊறுகிறதா என்று பார்த்த பின்னரே கடலில் இறங்குவது முன்னோர் வழக்கு. அவ்வரிசையில் எரிபொருளையும் சேர்த்துக்கொள்வதே இயந்திரப் படகோட்டிக்கு அழகு. கரையிற் செலவாகும் கால்மணி நேரம், மாலையிற் படகின் வரவைப் பார்த்திருக்கும் வீட்டாரின் கவலையைக் குறைக்கும்.