கோபுரத்தில் வாழும் நோக்கியா

ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதோடு அந்த நிறுவனமே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால், பக்கத்திலேயே ஒரகடத்தில் நோக்கியாவின் இன்னொரு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தயாராவது கைபேசி அல்ல, செல்போன் கோபுரத்துக்கான கருவிகள்.

கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா இருக்கும். அதை ஒட்டி ரேடியோப் பெட்டி. நம் பேச்சையும் தரவையும் அலையில் ஏற்றுவதற்கேற்ற குறிகளாக மாற்ற இன்னொரு பெட்டி. இவற்றுக்கெல்லாம் பின்னால், எந்தச் சந்தாதாரர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கணக்கு வைத்திருக்கும் மையக் கணினிகள். இவற்றைச் செய்து விற்பதுதான் இன்று நோக்கியாவின் முதன்மைத் தொழில்.

பின்லாந்தில் 1865இல் மரக்கூழ் ஆலையாகப் பிறந்த நிறுவனம் இது. 1967இல் ஒரு ரப்பர் நிறுவனமும் ஒரு கேபிள் நிறுவனமும் இதோடு இணைந்தன. கேபிள்காரர்கள் கொண்டுவந்த மின்னணுப் பிரிவுதான் பின்னாளில் தொலைத்தொடர்புக்கு வழிவிட்டது. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி 2ஜி செல்போன் நுட்பமான ஜிஎஸ்எம் வழியே உலகின் முதல் அழைப்பைப் பேசினார். அதற்கான வலையமைப்பை நிறுவியவை நோக்கியாவும் ஜெர்மனியின் சீமென்ஸும்.

அந்த இருவரும் 2007 ஏப்ரலில் தங்கள் வலையமைப்புத் தொழில்களை ஒன்றாக்கினார்கள். பாதிப் பங்கு அவருக்கு, பாதி இவருக்கு. காரணம் பாசமல்ல, பணம். 2ஜி, 3ஜி, 4ஜி என்று தலைமுறை மாறும்போதெல்லாம் ஆராய்ச்சிக்குக் கோடிகளைக் கொட்ட வேண்டும். வாங்குபவர்களோ உலகெங்கும் சில நூறு செல்போன் சேவை நிறுவனங்கள்தான். சீனாவின் ஹுவாவே குறைந்த விலையோடு வந்து நின்றபோது, தனியே சமாளிப்பது கடினமாயிற்று.

ஆனால், சேர்வது எளிது, சேர்ந்து பிழைப்பதுதான் பாடு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வகைப் பெட்டிகள் கையில் இருக்கும். ஒன்றைக் கைவிடலாம் என்றால், ஏற்கெனவே அதை வாங்கிக் கோபுரத்தில் ஏற்றியவருக்கு ஆண்டுக்கணக்கில் உதிரிபாகமும் மென்பொருளும் கொடுத்தாக வேண்டும். 2011இல் மோட்டோரோலாவின் வலையமைப்புப் பிரிவை வாங்கினார்கள். அதே ஆண்டின் இறுதியில் 17,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். 2013இல் சீமென்ஸ் தன் பங்கை 170 கோடி யூரோவுக்கு நோக்கியாவிடமே விற்றுவிட்டு விலகியது.

2016இல், இதே தொழிலில் இருந்த அல்காடெல்-லூசென்ட் நோக்கியாவின் கைக்கு வந்தது. அதுவும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் 2006இல் கலந்து உருவானதுதான். டிரான்சிஸ்டரும் யுனிக்ஸும் பிறந்த பெல் ஆய்வகமும் அதோடு சேர்ந்து வந்தது. என்னைக் கேட்டால், வந்த சொத்துகளில் மதிப்பு மிக்கது அதுதான்.

இணைப்புகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கண்ணாடி இழை வழியே தரவு அனுப்பும் கருவிகளைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்ஃபினெராவை 2025 பிப்ரவரியில் நோக்கியா வாங்கி முடித்தது.