அந்தமானுக்கு மூட்டை கட்டுவது

காசிக்குப் புறப்பட்டவர் எதையேனும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் வழியில் ஏதாவதொரு ஜங்ஷனில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம்; தீவுக்குப் போகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல் தாண்டிப் போர்ட் பிளேரில் இறங்கி (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் ஆகிவிட்டது என்றாலும் நாக்குக்குப் பழகிய பெயர் அத்தனை சுலபத்தில் மாறுவதில்லை), அங்கிருந்து மறுபடியும் கப்பலேறி, ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவுக்கோ நீல் என்னும் ஷஹீத் தீவுக்கோ போய்ச் சேர்ந்து, இரவு பெட்டியைத் திறந்த பிறகு தாம் தினந்தோறும் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரை அதில் இல்லையென்று கண்டுகொள்கிறவரின் அவஸ்தை சொல்லத் தரமன்று. ஆகவே பெட்டியில் முதலில் போக வேண்டியது மருந்து. தங்கும் நாட்களுக்கு வேண்டியதோடு மேலும் மூன்று நாட்களுக்கானதும் போக வேண்டும். குமட்டலுக்கான மாத்திரையையோ இஞ்சி மரப்பாவையோ கப்பல் ஆடத் தொடங்கிய பின் தேடுவதில் பிரயோஜனமில்லை. ஏறுவதற்கு முன்பே அது வயிற்றுக்குள் இருக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கு, பெய்கிற பூமி அது. காற்றில் எப்போதும் ஈரம். தடித்த ஜீன்ஸும் டர்க்கித் துண்டும் ஒரு முறை நனைந்தால் ஊர் திரும்பும் வரையில் உலரா. நம் பாட்டனார் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டும் ஒரு கைலியும் அங்கே எந்த நாகரிக உடையையும் தோற்கடித்துவிடும். கைப்பேசியும் பணமும் அடையாள அட்டையும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் சொற்பம், இருப்பவையும் எல்லா நாளும் உழைக்குமென்று நம்புவதற்கில்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. பவளப்பாறை பார்வைக்குப் பூந்தோட்டம், பாதத்துக்கு அரம். அது கீறிய காயம் சிறிதாகத் தோன்றினும், ஈர நாட்டில் எளிதில் சீழ்பிடித்து வாரக்கணக்கில் ஆறாமல் உபத்திரவம் செய்யும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாருள்ள தடித்த ரப்பர் செருப்பு, கல்லென்றே எண்ணி மிதிக்கத் தோன்றும் கல்மீனின் விஷமுள்ளிலிருந்தும் ஓரளவு காக்கும். அம்முள் தைத்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் காலை அமிழ்த்தி வலியைத் தணித்துக்கொண்டே வைத்தியரிடம் விரைய வேண்டும்.

போர்ட் பிளேர் ஏறத்தாழ நம் கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. ஆகையால், ‘வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இந்த வெயில் எம்மாத்திரம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கடலூரில் யாரும் நடுப்பகலில் முதுகை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் மிதப்பதில்லை என்பதே அதற்கு விடை. மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு மீன் பார்த்துக் கிடக்கும்போது நீரின் குளிர்ச்சி சூட்டை மறைத்துவிடும். எரிச்சல் இரவில்தான் தெரியும். முழுக்கைச் சட்டையோடு இறங்குவதில் வெட்கமொன்றுமில்லை.

கடிகாரமும் அங்கே ஒரு சிறு வஞ்சனை செய்கிறது. இந்திய நேரத்துக்கு ஆதாரமான தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே அத்தீவுகள் இருப்பதால் சூரியன் நம் கணக்கைவிட நாற்பது நிமிஷம் முந்திக்கொள்கிறான். டிசம்பரில் மாலை 5 மணிக்கே அஸ்தமனம். நம் வழக்கப்படி காபி குடித்துவிட்டு ஐந்தரைக்குக் குளிக்கலாமென்று போகிறவர் இருட்டில் கடலில் நிற்பார். அந்தக் கடலிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு அருகே மூழ்கி நீந்திய அமெரிக்கப் பெண்ணொருத்தி முதலைக்கு இரையானாள். முதலை எச்சரிக்கைப் பலகையை அலங்காரமென்று எண்ணிவிடாதீர்கள். நீலிலுள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கும் ஓதம் வற்றியிருக்கும் வேளையில்தான் நடந்து போக முடியும். ஓதம் திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்துகொண்டே போக வேண்டும். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் பிறகு நம்மவருக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

ஆயினும், தீவுப் பிரயாணத்தில் நேரும் சங்கடங்களில் பாதி, முதலையாலும் மீனாலும் அல்ல, அவசரத்தால் நேருகின்றன என்பது என் அபிப்பிராயம். ஆறு நாளில் ஐந்து தீவென்று திட்டம் போட்டு, கடைசிக் காலையில் ஹேவ்லாக்கில் ஸ்கூபா மூழ்கி, மதியம் கப்பல் பிடித்து, மாலை விமானம் ஏறிவிடலாமென்று கணக்கிடுகிறவர், கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் விமானத்தைத் தவறவிடுவார். கப்பல் ஓடினாலோ அதைவிடப் பெரிய ஆபத்துக்கு ஆளாவார். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு உடம்பில் கரைந்து நிற்கிறது. அது மெல்ல மெல்ல மூச்சின் வழியே வெளியேறியாக வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ ஏறக்குறைய உதகமண்டலத்து மலையுச்சியில் இருப்பதற்குச் சமம். கடலடியிலிருந்து அன்றைக்கே உதகைக்கு ஏறினால், கோலியை அமுக்கியதும் சோடாவில் குமிழி பொங்குவதுபோல, கரைந்திருந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதிருப்பது அவசியம். ஒரு முழு நாள் விட்டுவிட்டால் கவலையே இல்லை.

அந்த ஒரு நாளைப் போர்ட் பிளேரில் வெறுமனே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ரத்தானால் அது ஈடு கொடுக்கும். ஆகாவிட்டால் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை நிதானமாகப் பார்க்கலாம். பாராடாங் தீவுக்குப் போவதானால் சாலை ஜாரவாப் பழங்குடியினரின் காட்டினூடே போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் பிடிப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அவர்களைக் காட்சிப் பொருளாக எண்ணிப் போகிறவர் போகாமலிருப்பதே மரியாதை.

புறப்படுமுன் ஒரு வேலை பாக்கி. குழந்தைகளின் சட்டைப்பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டாயினும் அதை எடுத்துவருவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிய சிப்பிக்கும் ரசீது வேண்டும். விமான நிலையச் சோதனையில் அதிகாரி அதை எடுத்து மேஜைமேல் வைக்க, குழந்தை அழுதுகொண்டு நிற்பதைவிட, விடுதி வாசலிலேயே அதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.