முரசணிக்கு மாணவரைத் தெரிதல்

கல்லூரி விழாக்களிலே வாத்தியக் குழு முன்னே செல்ல, விருந்தினர் பின்னே அழைத்து வரப்படும் காட்சியைக் கண்டு மகிழாத பழைய மாணவர் இலர். அக்குழுவிலே ஒரு காலத்தில் தாமும் நின்றோர் சிலர். நிற்க விரும்பியும் இடம் பெறாதோர் பலர். இடம் பெறாதோர்க்கு அதன் காரணத்தை எவரேனும் எடுத்துரைத்ததுண்டோ? ‘நீ சரிவரமாட்டாய்’ என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்பட்டவரே பெரும்பாலார். ஆதலின், முரசணிக்கு ஆளைத் தெரியும் முறை யாது, அதில் நோக்கத் தக்கன எவை, நோக்கத் தகாதன எவை என்பனவற்றை இம்மலரிலே சிறிது ஆராய விழைகின்றோம்.

யாம் வாழ்வது பெரகலைச் சந்தியை அடுத்த மலைப் பகுதி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் பெருந்தெரு இங்கு இரண்டாகப் பிரியும். ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவை நோக்கிச் செல்லும். மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவை நோக்கி இறங்கும். இச்சந்தியைச் சூழ்ந்த தோட்டங்களிலே முரசணியும் இரு வகைப்படும். ஒன்று பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழு. மற்றது தோட்டத்துத் தப்புச் செட்டு.

பாண்ட் வாத்தியம் படைப்பயிற்சியோடு தொடர்புடையது. இலங்கையில் மாணவர் படைப்பயிற்சி கொழும்பு றோயல் கல்லூரியிலே 1881ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அணிநடையும் அதற்கிசைந்த முரசும் பாடசாலை முற்றத்துக்கு வந்த வழிகளுள் அஃது ஒன்று. தப்போ எம் முன்னோர் தமிழகத்திலிருந்து தோளிற் சுமந்து வந்த கருவி. வட்டமான மரச்சட்டத்திலே தோலை இழுத்துக் கட்டி, நெருப்பிற் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த குறுங்குச்சியும் கொண்டு அடிப்பது. ஆங்கிலேயர் காலத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், கோயில் திருவிழாவை அறிவித்ததும், மாசி மாதத்துக் காமன் கூத்தை ஆட்டுவித்ததும், இறந்தாரை வழியனுப்பியதும் இத்தப்பே.

தப்புச் செட்டுக்கு ஆள் தெரிவது எங்ஙனம்? அங்கே குறித்த நாளிலே தேர்வு இல்லை. சிறுவன் தந்தையின் பக்கத்தில் நிற்பான். முதலில் தீமூட்டித் தப்பைக் காய்ச்சிக் கொடுப்பான். தோல் எவ்வளவு சூடேறினால் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அவன் காது அப்பொழுதே கற்றுக்கொள்ளும். பின்னர் மாறாத ஓர் அடியை மாத்திரம் இரவு முழுதும் அடிக்க விடுவர். கூத்திலே பாத்திரம் மாறுந்தோறும் அடியும் மாறும். ஆடுவோன் காலைப் பார்த்து அடியை மாற்றவல்லவனானபின்னரே அவனுக்கு முன்வரிசையில் இடம். நுணுகி நோக்கின் இஃது ஆண்டுக்கணக்காக நடைபெறும் ஒரு தேர்வேயாம். ஆயின் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. தப்படித்தல் ஒரு குலத்தார்க்கே உரியதென விதிக்கப்பட்டது. அத்தொழிலைக் காட்டியே அவர் இழிவுபடுத்தவும் பட்டனர். ஏனையோர் அடிக்க நாணினர். அடித்தவரோ விட்டுவிட நினைத்தாலும் எளிதில் விட இயலவில்லை. தேர்வு நுட்பமானது, வாயிலோ பிறப்பால் அடைபட்டது.

இனிக் கடல் கடந்து நோக்குவோம். அமெரிக்க நாட்டிலே பித்தளைக் குழல்களும் முரசுகளும் கொடியாட்டமும் கூடிய இளைஞர் முரசணிகள் பல உள. முதலாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டு முன்னாட் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்த இவ்வணிகளுக்கு 1972ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுப் பேரவையும் உண்டு. உறுப்பினர்க்கு வயதெல்லை 22 ஆகும். அங்கே தேர்வு மாதக்கணக்காக நடைபெறும். விண்ணப்பிப்போர்க்குப் பயிற்சிப் பாடங்கள் முன்னரே வழங்கப்படும். அவர் அவற்றைக் காலங்காட்டும் கருவியோடு வீட்டிற் பயின்று, மாரிக்காலப் பயிற்சி முகாமிலே தனித்தும் கூடியும் வாசித்துக் காட்டல் வேண்டும். கால்கள் காலம் மிதிக்க, கைகள் முரசை ஒலிக்கக் காட்டுதலும் தேர்வின் ஒரு பகுதி. முதல் முகாமில் தகுதி கண்டோரை மறுபடி அழைப்பர். முகாமிலே சொல்லப்பட்ட திருத்தத்தை எவ்வளவு விரைவில் ஏற்றுக்கொள்கிறான் என்பதையும் ஆசிரியர் கவனிப்பர். வந்தபோது வல்லவனாயிருந்தவனிலும், வந்தபின் வளர்ந்தவனை விரும்புவாருமுளர்.

அவ்வணிகளிலே பெருமுரசு வாசிப்போர் ஐவரளவில் நிற்பர். ஒவ்வொருவர் முரசும் வெவ்வேறு அளவினது, ஒலியும் வெவ்வேறு. ஒரே சொற்கட்டைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு, ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடுத்து, கேட்போர்க்கு ஒருவனே வாசித்தான் எனத் தோன்றச் செய்வர். இவ்விடத்தில் தனித்திறம் ஒன்றே போதாது. அயலானைக் கேட்கும் காது வேண்டும். இத்துணைச் சீரிய முறையிலும் ஒரு தடை உண்டு. தெரிவானோர் ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டொலர் கட்டணம் செலுத்துதல் வேண்டும். எங்கள் பக்கத்தில் வாயிலைப் பிறப்பு அடைத்தது. அங்கே பணம் அடைக்கின்றது.

முரசு வாசிப்போனிடம் நோக்கத் தக்கது யாது என்பதை அறியக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் ஆகியோர்க்குரிய இலக்கணங்களைக் கூறி, அவர் வரிசையிலே தண்ணுமை முதல்வனுக்கும் இலக்கணம் வகுத்துள்ளார். ஆடலும் பாடலும் தாளமும் அறிந்திருத்தலோடு அவர் அமையவில்லை. யாழும் குழலும் மிடறும் ஒலிக்குமிடத்து, குறைந்ததை நிரப்பியும் மிகுந்ததை அடக்கியும் தன் கருவி மேலோங்காமற் செல்லுதல் அவன் தகுதி என்றார். நிரப்பலும் அடக்கலும் என்னும் இவ்விரண்டையும் சோதியாத தேர்வு, தேர்வாகாது என்பது எம் கருத்து.

இக்கருத்தை யாம் ஏட்டிலிருந்து மாத்திரம் பெற்றோமல்லோம். எம் பிழையிலிருந்து பெற்றோம். பல ஆண்டுகளின் முன் ஒரு பாடசாலையிலே, இல்ல விளையாட்டுப் போட்டிக்கென வாத்தியக் குழு அமைக்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. சைட் டிரம் ஆறு. வந்த மாணவரோ நாற்பதுக்கு மேல். யாம் வரிசையாக நிறுத்தி, உயரம் பார்த்தோம். வெண்சப்பாத்து உடையாரைக் கேட்டோம். குச்சியைப் பிடிக்கும் வகையை ஒரு நிமிடம் நோக்கினோம். அப்பிற்பகலுக்குள் வேலை முடிந்தது. லயத்து மாணவன் ஒருவன் இடக் கைக் குச்சியை விரல்களுக்கிடையே வேறொரு விதமாகப் பிடித்தான். சப்பாத்தும் இல்லை. அவனை அடிக்கவும் விடாமல் அனுப்பிவிட்டோம்.

மறு மாசியில் ஒரு தோட்டத்துக் காமன் கூத்துக்குச் சென்றிருந்தோம். தப்புச் செட்டின் கடைசியிலே அம்மாணவன் நின்றான். நள்ளிரவு கழிந்த வேளை. மூத்த அடிகாரர் ஒருவர் களைத்து ஓர் அடி தவறினார். ஆடுவோன் கால் தடுமாறுமுன் அவ்வடியை அவன் தன் தப்பில் இட்டு நிரப்பினான். அவர் மீண்டதும் தன் ஒலியைத் தாழ்த்திக்கொண்டான். அவன் இடக் கைப் பிடி தப்புக்குச்சியின் பிடி என்பதும் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அந்த வாரமே அரங்கேற்று காதையை வகுப்பிலே கற்பித்திருந்தோம். கற்பித்ததை யாம் கற்றிருந்தோமல்லோம்.

விடிந்தபின் அவன் தந்தையாரைக் கண்டு, இவனுக்கு இவ்வளவு தெரியுமென்று ஒரு சொல் சொல்லக்கூடாதா என்று கேட்டோம். “நாந்தான் சொல்லாதடான்னு சொன்னேன், சேர். பள்ளிக்கூடத்துலயும் தப்புக்காரன் மகன்னு பேரு வாங்கணுமா?” என்றார் அவர். எம்மிடம் மறுமொழி இல்லை. அடுத்த ஆண்டு இடம் வைத்துக் காத்திருந்தோம். அதற்குள் அவன் கொழும்பிலே கடை வேலைக்குச் சென்றுவிட்டான்.

அதன் பின்னர் யாம் கைக்கொண்டுவரும் முறையைக் கூறுதும். முதலாவது, வர விரும்பும் யாவரும் வரலாம். சப்பாத்தையும் சீருடையையும் பற்றிய பேச்சு தெரிவு முடிந்தபின்னரே. அவற்றை அளிப்பது பாடசாலையின் கடன். இரண்டாவது, பாடத்தை இரு கிழமை முன்னரே எல்லார்க்கும் கொடுத்துவிடுவோம். வீட்டில் முரசில்லாதவன் மேசையிலும் மரப்பலகையிலும் பயிலலாம்.

மூன்றாவது, தேர்வு நாளில் ஆசிரியர் இருவர் மாணவர்க்கு முதுகு காட்டி அமர்ந்து கேட்பர். பெயர் கூறப்படாது, எண் மாத்திரமே. யாம் ஒரு சொற்கட்டைக் கைதட்டிக் காட்ட, மாணவன் திருப்பித் தட்டுவான். அடுத்து ஒரே சீராக அடிக்கச் செய்து, எட்டு மாத்திரை நிறுத்தி, மீளத் தொடங்கச் சொல்வோம். ஒலியில்லாத இடத்திலே காலத்தை மனத்திற் காப்பவன் சரியான இடத்தில் வந்து சேர்வான், ஏனையோர் முந்துவர். பின்னர் மிக மெல்ல அடிக்கச் செய்வோம். உரக்க அடித்தல் யார்க்கும் இயலும். மெல்ல அடிக்குங்கால் ஓட்டம் குன்றாதவனே கையை ஆண்டவன்.

நான்காவது, ஐவரை வட்டமாக நிறுத்திச் சேர்ந்து அடிக்கச் செய்வோம். அவருள் ஒருவனிடம் இரகசியமாக, இடையிலே தவறுமாறு சொல்லி வைப்போம். மற்றையோர் என் செய்கின்றனர் என்பதே அங்கு வினா. சிலர் நகைப்பர், சிலர் தாமும் தவறுவர், ஒருவன் இருவர் காலத்தை விடாது பிடித்து, தவறியவன் மீள வழி செய்வர். அவரே அணிக்கு முதுகெலும்பு.

கருவியைப் பங்கிடுவதிலும் கருத்து வேண்டும். பேஸ் டிரம் பருத்த உடலினனுக்கு உரியதெனக் கருதுவர். அது பதறாதவனுக்கு உரியது. சைட் டிரம் மணிக்கட்டு இலேசானவனுக்கு. கைத்தாளம், காத்திருந்து எண்ணத் தெரிந்தவனுக்கு. திருவள்ளுவனார் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அதனையடுத்தும் வைத்த முறை ஈண்டு நினைக்கத் தக்கது. ஆளைத் தெளிந்தால் மாத்திரம் போதாது. அவர்க்குரிய வினையையும் தெரிந்து கொடுத்தல் வேண்டும்.

இறுதியாக, தெரிவு பெறாதவனைத் தனியே அழைத்து, இன்னது குறை, இவ்வாறு பயின்று அடுத்த ஆண்டு வருக என்று சொல்லுவோம். இதற்கு ஒருவர்க்கு இரண்டு நிமிடத்துக்கு மேற் செல்லாது. ஆயினும் மறு ஆண்டு வருவோருட் பலர் இவ்விரண்டு நிமிடத்தால் வருபவரே. தப்படிக்கத் தெரியுமா என்று இப்பொழுது எல்லார் முன்னிலையிலும் கேட்கின்றோம். முதலாண்டு ஒரு கையும் உயரவில்லை. பின்னர் ஒன்று உயர்ந்தது. இன்று சில உயர்கின்றன.

பழைய மாணவர்களே, உங்களுட் பலர் இன்று அலுவலகங்களிலும் வணிக நிலையங்களிலும் ஆளைத் தெரியும் இடத்தில் இருக்கின்றீர்கள். நும் முன்னிலையிலும் சப்பாத்தில்லாதவன் ஒருவன் வந்து நிற்றல் கூடும். அவனை அனுப்பிவிடுமுன் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரி அன்னையின் புகழ் ஓங்குக.