பெயரை மாற்றிய நிறுவனம்

கடைத்தெருவில் ‘சலவை நிலையம்’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. அதே கடை ஒருநாள் ‘தூய வாழ்வு’ என்று பெயரை மாற்றிக்கொண்டால், அழுக்குத் துணியோடு வரும் வாடிக்கையாளர் வாசலில் சற்றுத் தயங்குவார். உள்ளே அதே இயந்திரங்கள்தாம் ஓடுகின்றன. ஆனால், அது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தயக்கத்திற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனத்தின் வரலாறு அந்த விலையை நமக்கு உணர்த்துகிறது.

வரவேற்பறையில் பிறந்த தொழில்

வெயிட் வாட்சர்ஸ் என்றால் ‘உடல் எடையைக் கண்காணிப்போர்’ என்று பொருள். இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் ஜீன் நைடெட்ச். நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த இல்லத்தரசியான அவரது எடை 1961ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97 கிலோகிராமாக இருந்தது. நகரச் சுகாதாரத் துறை நடத்திய இலவச உடல்பருமன் சிகிச்சை நிலையத்தில் அவர் சேர்ந்தார். அங்குக் கொடுக்கப்பட்ட உணவுத் திட்டத்தை அவரால் ஓரளவு பின்பற்ற முடிந்தது. எனினும், தாம் மறைவாகப் பிஸ்கட் தின்பதை அங்கிருந்தவர்களிடம் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே, எடை மிகுந்த தம் தோழியர் சிலரை அவர் வீட்டிற்கு அழைத்தார். தமது பலவீனத்தை அவர்களிடம் மனம்விட்டுச் சொன்னார். அவர்களும் தத்தம் கதைகளைப் பகிர்ந்துகொண்டனர். வாரந்தோறும் இச்சந்திப்பு தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டின் இறுதிக்குள் அவருடைய எடை ஏறத்தாழ 64 கிலோகிராமாகக் குறைந்தது. உணவுத் திட்டம் எல்லாருக்கும் கிடைக்கக்கூடியதுதான். அதைக் கைவிடாமல் பின்பற்றுவதற்குத் தம்மைப் போன்றவர்களின் துணை வேண்டும் என்பதே நைடெட்ச் கண்டறிந்த உண்மை.

1963ஆம் ஆண்டில் ஆல்பர்ட் லிப்பர்ட், பெலிஸ் லிப்பர்ட் தம்பதியரின் துணையோடு வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டது. முதல் பொதுக்கூட்டத்திற்கு 50 நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வந்தவர்களோ ஏறத்தாழ 400 பேர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978இல், உணவுப்பொருள் நிறுவனமான ஹெயின்ஸ் ஏறத்தாழ 71 மில்லியன் டாலர் கொடுத்து இந்நிறுவனத்தை வாங்கியது. பின்னர் அது வேறு கைகளுக்கு மாறி, 2001ஆம் ஆண்டில் பங்குச் சந்தையிலும் நுழைந்தது.

அதன் செயல்முறை எளிமையானது. உறுப்பினர்கள் வாரம் ஒருமுறை கூடுவர். ஒவ்வொருவரின் எடையும் பிறர் அறியாவண்ணம் நிறுக்கப்படும். பின்னர், தாமும் இத்திட்டத்தின்வழி எடையைக் குறைத்த ஒருவர் கலந்துரையாடலை வழிநடத்துவார். 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புள்ளி முறை அறிமுகமானது. கலோரிகளைக் கணக்கிடுவதற்கு மாறாக, ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. ஒரு நாளைக்கு இத்தனை புள்ளிகள் என்னும் வரம்புக்குள் உறுப்பினர் தமக்கு விருப்பமானதை உண்ணலாம். வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போன்ற இம்முறை மக்களுக்கு எளிதில் புரிந்தது.

காற்றின் திசை மாறியது

2010ஆம் ஆண்டிற்குப் பிறகு இந்நிறுவனத்தை இரண்டு மாற்றங்கள் நெருக்கின. முதலாவது, தொழில்நுட்பம். உணவையும் நடையையும் கணக்கிடும் இலவசச் செயலிகள் கைப்பேசிகளில் வந்துவிட்டன. செயலி இலவசமாகச் செய்யும் கணக்கிற்கு மாதக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்று பலர் எண்ணத் தொடங்கினர்.

இரண்டாவது, மனப்போக்கு. ‘டயட்’ என்னும் சொல்லே பலருக்குக் கசந்தது. உடலின் அளவைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது தவறு என்னும் குரல் வலுப்பெற்றது. மெலிந்திருப்பதைவிட நலமாக இருப்பதே முக்கியம் என்று இளையோர் கருதினர். நல்ல உணவு, நல்ல உறக்கம், உடற்பயிற்சி, மன அமைதி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய ‘நல்வாழ்வு’ என்னும் கருத்து பெரும் சந்தையாக வளர்ந்தது.

2015ஆம் ஆண்டில் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி, ஏறத்தாழ 43 மில்லியன் டாலருக்கு நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கினார். அச்செய்தி வெளியான நாளிலேயே பங்கு விலை இரு மடங்கானது. அவரது முகமும் குரலும் விளம்பரங்களில் இடம்பெற்றன. உறுப்பினர் எண்ணிக்கையும் உயர்ந்தது. 7 டாலருக்கும் குறைவாகக் கிடந்த பங்கின் விலை 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 100 டாலரைத் தாண்டியது.

இந்த உச்சத்தில் இருந்தபோதுதான் நிறுவனம் பெயரை மாற்றியது. 2018 செப்டம்பரில், தலைமைச் செயல்முறை அதிகாரி மிண்டி குரோஸ்மனின் தலைமையில், வெயிட் வாட்சர்ஸ் என்பது ‘டபிள்யூ டபிள்யூ’ என்று சுருங்கியது. ‘பயன் தரும் நல்வாழ்வு’ என்னும் பொருள்பட ஒரு புதிய முழக்கவரியும் சேர்ந்துகொண்டது. தியானப் பயிற்சிச் செயலி ஒன்றுடன் கூட்டு ஏற்பட்டது. நல்ல பழக்கங்களுக்குப் பரிசளிக்கும் திட்டமும் அறிமுகமானது. தன் பெயரில் விற்கப்பட்ட உணவுப்பொருள்களிலிருந்து செயற்கை இனிப்புகளையும் செயற்கை நிறங்களையும் நீக்க நிறுவனம் முன்வந்தது.

முதல் அடி

இம்மாற்றங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானதே. ஆனால், அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொழிலுக்கு உயிர்நாடியான மாதம் ஜனவரி. புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்கள் அப்போதுதான் பெருமளவில் உறுப்பினராகச் சேர்வர். 2019 ஜனவரியில் அக்கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பிப்ரவரி இறுதியில் நிறுவனம் வெளியிட்ட வருவாய்க் கணிப்பு முதலீட்டாளர்களை அதிர்ச்சியில் ஆழ்த்தியது. ஒரே நாளில் பங்கின் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

இதற்குப் பெயர் மாற்றம் மட்டுமே காரணமன்று. மாவுச்சத்தைத் தவிர்க்கும் ‘கீட்டோ’ உணவுமுறை அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆயினும், விளம்பரங்கள் எடைக் குறைப்பைத் தெளிவாகப் பேசாததும் பாதிப்பை ஏற்படுத்தியது. எடையைக் குறைக்க விரும்பி வந்தவருக்கு, இந்நிறுவனம் இன்னும் அந்த வேலையைத்தான் செய்கிறதா என்னும் ஐயம் எழுந்தது. நல்வாழ்வைத் தேடியவருக்கோ, யோகா வகுப்பு முதல் உடற்பயிற்சி நிலையம் வரை வேறு பல கதவுகள் திறந்திருந்தன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் நிலையில் நிறுவனம் நின்றது.

புதிய பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்பதைச் சொல்ல மூன்று அசைகள் போதும். ‘டபிள்யூ டபிள்யூ’ என்பதற்கோ ஆங்கில உச்சரிப்பில் ஆறு அசைகள் வேண்டும். சுருக்கிய பெயரே சொல்வதற்கு நீண்டுபோனது. அதைவிட முக்கியமாக, அவ்விரண்டு எழுத்துகளும் கேட்பவருக்கு எதையும் உணர்த்தவில்லை.

சிறுவர் செயலி எழுப்பிய கேள்வி

2019 ஆகஸ்டில், 8 முதல் 17 வயதுக்குட்பட்டோருக்காகக் ‘குர்போ’ என்னும் செயலியை நிறுவனம் வெளியிட்டது. சாலைச் சமிக்ஞை விளக்கைப் போல உணவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துக் காட்டியது அச்செயலி. பிள்ளைகள் நல்ல பழக்கங்களைக் கற்க இது உதவும் என்று நிறுவனம் கூறியது. உண்ணுதல் கோளாறுகளைப் பற்றி நன்கறிந்த வல்லுநர் பலரோ கடுமையாக எதிர்த்தனர். வளரும் வயதில் உடலை எண்களால் அளந்துகொண்டே இருந்தால், உணவின் மீது அச்சமும் தன் உடலின் மீது வெறுப்பும் தோன்றக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர்.

2022ஆம் ஆண்டில் சிக்கல் சட்டத்தின் வழியாகவும் வந்தது. பெற்றோரின் முறையான அனுமதியின்றி 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டியதாக அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 1.5 மில்லியன் டாலர் அபராதம் செலுத்தவும், அத்தகவல்களை அழிக்கவும் நிறுவனம் உடன்பட்டது. ‘நல்வாழ்வு’ என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் ஒரு செயல் நன்மையாகிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

ஊசி வடிவில் வந்த போட்டி

இதற்கிடையே, யாரும் எதிர்பாராத போட்டியாளர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தார். நாம் உண்டபின் குடலில் ‘ஜிஎல்பி-1’ என்னும் இயக்குநீர் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சீராக்க அது உதவுகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கும் உணர்த்துகிறது. அதைப் போலவே செயல்படும் ‘செமாகுளுடைட்’ என்னும் மருந்து, நீரிழிவு நோயாளிகளுக்காக ‘ஓசெம்பிக்’ என்னும் பெயரில் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் எடையைக் குறைப்பதற்கான ‘வெகோவி’ 2021 ஜூனில் அனுமதி பெற்றது.

வாரம் ஓர் ஊசி. பசி அடங்குகிறது, எடையும் குறைகிறது. இம்மருந்துகளுக்குப் பக்க விளைவுகள் உண்டு, விலையும் அதிகம், நிறுத்தினால் எடை மீண்டும் கூடக்கூடும். இருந்தும், மன உறுதியையும் கூட்டுறவையும் நம்பி அறுபது ஆண்டுகள் இயங்கிய தொழிலின் அடித்தளத்தையே அவை அசைத்துவிட்டன. நிறுவனமும் காலத்தோடு மாற முயன்றது. 2023இல், இணையம்வழி மருத்துவரைச் சந்தித்து இத்தகைய மருந்துகளைப் பெற உதவும் ‘சீக்குவென்ஸ்’ என்னும் நிறுவனத்தை வாங்கியது. பழைய பெயரும் விளம்பரங்களுக்குத் திரும்பியது.

ஆனால், 2023 டிசம்பரில், தாமும் எடைக் குறைப்பு மருந்தைப் பயன்படுத்துவதாக ஓப்ரா வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த பிப்ரவரியில், இயக்குநர் வாரியத்திலிருந்து விலகவிருப்பதாகவும் தெரிவித்தார். நிறுவனத்தின் வெற்றிக்கு முகமாக விளங்கியவர் விலகியதும் பங்கு விலை மேலும் வீழ்ந்தது.

கடன் என்னும் சுமை

நிறுவனத்தின் முதுகில் மற்றொரு பாரமும் இருந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கடன் 1.5 பில்லியன் டாலரையும் தாண்டியிருந்தது. வருமானம் செழித்த காலத்தில் வட்டி பெரிதாகத் தெரியவில்லை. 2018இல் ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலராக இருந்த ஆண்டு வருமானம், 2024இல் 800 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. வருமானம் சுருங்கினாலும் கடன் சுருங்குவதில்லை.

2025 மே மாதத்தில் நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம், ஒரு நிறுவனம் கதவை மூடாமல் இயங்கிக்கொண்டே தன் கடனைச் சீரமைக்க வழிவகுக்கிறது. அதன்படி 1.15 பில்லியன் டாலர் கடன் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கடன் கொடுத்தவர்களே பெரும்பான்மைப் பங்குகளுக்கு உரிமையாளர்களாயினர். அடுத்த மாத இறுதியில் நிறுவனம் அந்நடவடிக்கையிலிருந்து மீண்டு வந்தது. ஒரு காலத்தில் 100 டாலருக்கு மேல் விற்ற பங்கு, அந்த மே மாதத்தில் ஒரு டாலரைக்கூட எட்டவில்லை.

நாம் சிந்திக்க வேண்டியவை

‘பெயரை மாற்றியதால் வீழ்ந்தது’ என்று ஒரே வரியில் இவ்வரலாற்றை முடித்துவிட முடியாது. இலவசச் செயலிகள், புதிய மருந்துகள், பெருங்கடன் ஆகியவை பெயர் மாறாதிருந்தாலும் வந்து தாக்கியிருக்கும். பெயர் மாற்றம் செய்த தீங்கு வேறு வகையானது. உதவி தேவைப்பட்ட நேரத்தில், ‘இவர்கள் எனக்கு என்ன தருகிறார்கள்?’ என்னும் கேள்விக்கு விடை காண முடியாதபடி அது வாடிக்கையாளரைக் குழப்பியது.

மாற்றத்தை விரும்பியவர்களின் எண்ணத்தையும் நாம் ஒதுக்கிவிடக் கூடாது. எடை என்னும் ஒரே எண்ணைக் கொண்டு மனிதரை மதிப்பிடுவது பலரைப் புண்படுத்துகிறது. அந்தச் சொல்லைத் தவிர்க்க நினைத்ததில் பரிவு இருந்தது. எனினும், மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதால் உதவி தேடி வந்தவருக்கு, அச்சொல்லை மறைப்பது பரிவாகாது. அவர் எதிர்பார்ப்பது தெளிவான சொல்லையும் கனிவான துணையையும்தான். நைடெட்ச் தம் வீட்டு வரவேற்பறையில் அவ்விரண்டையும் ஒருசேர வழங்கினார். அங்கே எடை வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதற்காக யாரும் இழிவாகக் கருதப்படவில்லை.

நம் நாட்டுக் கடைகளிலும் விளம்பரங்களிலும் ‘நல்வாழ்வு’, ‘இயற்கை’, ‘ஆரோக்கியம்’ போன்ற சொற்களை நாள்தோறும் காண்கிறோம். அவை காதுக்கு இனிமையானவை, பொருளோ பரந்தது. விவேகமுள்ள பயனீட்டாளர் அச்சொற்களோடு நின்றுவிடமாட்டார். இப்பொருள் என்ன செய்யும், அதற்குச் சான்று என்ன, என்னிடமிருந்து பணத்தையும் தகவலையும் எவ்வளவு கேட்கிறது என மூன்று கேள்விகளைக் கேட்பார். அவற்றுக்கு நேரான விடை தராத பொருளை வாங்குமுன் அவர் இன்னொரு முறை யோசிப்பார்.