பூச்சியத்தின் விலை 162 மில்லிசெக்கன்

கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்கும் காலம். படகு காலையில் புறப்படும். இடம் பிடிக்கும் அவசரம் முதல்நாள் இரவே தொடங்கிவிடும். அந்த முன்பதிவுக்கு ஜாங்கோவில் ஒரு தளம் எழுதி, சேர்வரைக் கொழும்பிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைச் சிங்கப்பூரிலும் வாடகைக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ரூபாய்க் கணக்கை மாதக் கடைசியில் பில் சொல்லிவிடும். நேரக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 27 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. ஆகவே இது அடிமட்டக் கணக்கு.

இணைப்புக் கிடைக்க எத்தனை தடவை போய்வர வேண்டும்? டிசிபிக்கு 1. மறைகுறியாக்கிப் பேசலாமா என்று கேட்க 1. டிஎல்எஸ் 1.3 பேசி முடிக்க 1. பயனர் பெயரைச் சொல்லி, ஸ்க்ராம் முறையில் கடவுச்சொல்லை நிரூபிக்க 3. மொத்தம் 6, நேரம் 162. இவ்வளவுக்கும் நாளைக்கு எந்தப் படகில் இடமிருக்கிறது என்று இன்னும் கேட்கவே இல்லை. பக்கத்துக்கு 4 வினவல் என்றால் மேலும் 108. ஆக 270இல் 60 சதவீதம் கதவு திறக்கவே போய்விடுகிறது.

இது ஒருமுறைச் செலவென்றால் பரவாயில்லை. ஜாங்கோவில் ‘கொன் மெக்ஸ் ஏஜ்’ அமைப்பின் ஆரம்ப மதிப்பு 0: கோரிக்கைக்குக் கோரிக்கை புது இணைப்பு, பதில் போனதும் மூடல். தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் இந்த 0 யாரையும் உறுத்தாது. நடுவே கடல் கிடந்தால் உறுத்தும். 60 என்று மாற்றினால் இணைப்பு 60 செக்கன் உயிரோடிருக்கும். இடையில் அது அறுந்துபோனதா என்று பார்க்கும் வசதி 2022இல் 4.1 பதிப்போடு வந்தது. அதை நாமே இயக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு போய்வரல், 27. 162க்குப் பதில் 27 என்றால் பேரம் பேச என்ன இருக்கிறது?

இனித் தலைக்கணக்கு. போஸ்ட்கிரெஸின் ஆரம்ப வரம்பு 100 இணைப்பு. நிர்வாகிக்கு 3 போக 97. ஜாங்கோவை ஓட்டும் ஜி-யூனிகோர்னின் கையேடு சொல்லும் தொடக்கக் கணக்கு, கோர் எண்ணிக்கையின் இருமடங்கோடு 1. 4 கோருக்கு 9 புரொசஸ். ஒவ்வொன்றிலும் 4 திரெட், திரெட்டுக்கு ஓர் இணைப்பு என்றால் 36. இரண்டு சேர்வருக்கு 72. அடங்குகிறது. புதிய பதிப்பை ஏற்றும் இரவில் பழையதும் புதியதும் சற்றுநேரம் சேர்ந்து ஓடினால் 144! மிஞ்சும் 47 பேர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

2024இல் வந்த 5.1 பதிப்பு போஸ்ட்கிரெஸுக்கு, திரெட்டுகள் பகிர்ந்துகொள்ளும் இணைப்புப் பூலைத் தந்தது. புரொசஸுக்கு 2 என்று கட்டினால் 18, இரண்டு சேர்வருக்கு 36, பதிப்பு மாறும் இரவிலும் 72தான். இணைப்புக் கிடைக்காத திரெட் 30 செக்கன் வரை காத்திருக்கும். ஒன்று: பூலைப் போட்டால் கொன் மெக்ஸ் ஏஜ் மறுபடி 0 ஆக வேண்டும். 60ஐ அப்படியே விட்டுவைத்தால் பிழை சொல்லி நின்றுவிடும் ஜாங்கோ.