நல்லரசர் என்னும் பட்டம்

அரசர்களை நல்லவர், தீயவர் என வகுத்துரைப்பது வரலாற்றாசிரியர்களின் நெடுநாளைய வழக்கம். அப்பட்டத்தை வழங்குவோர் யாவர் என்பதை நாம் சற்று ஆராய்தல் நலம்.

ரோமாபுரியில் கி.பி. 96 முதல் 180 வரை ஆண்ட நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ் ஆகியோர் ‘ஐந்து நல்ல பேரரசர்கள்’ எனப் போற்றப்படுகின்றனர். நெர்வாவுக்கு முன் ஆண்ட டொமீஷியனோ கொடுங்கோலன் எனப்பட்டான். அவனைப் பழித்தெழுதிய டாசிட்டசும் இளைய பிளினியும் செனட் சபையினர். அச்சபையோ அவனால் ஒடுக்கப்பட்டது. எனினும், அவன் காலத்தில் மாகாண ஆளுநர்கள் நேர்மையுடன் நடந்தனர் எனச் சுவெட்டோனியஸ் குறித்துள்ளார். செனட்டருக்குத் தீயவனாயிருந்தவன் மாகாணத்துக் குடியானவனுக்கும் தீயவனாயிருந்தான் எனக் கொள்வதற்கில்லை.

இத்தகைய வழக்கொன்று நம் பெங்களூரிலும் உண்டு. கோட்டையருகே 1791-இல் கட்டி முடிக்கப்பெற்ற மர மாளிகைக்கு உரியவரான திப்பு சுல்தான், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு வீழ்ந்தார். அவர் வரலாற்றை 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மார்க் வில்க்ஸ், மைசூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்தவர். திப்புவின் கடிதங்களை 1811-இல் மொழிபெயர்த்து வெளியிட்ட கர்க்பாட்ரிக்கும் கம்பெனிப் படையின் அதிகாரியே; அவர் அச்சேற்றியவை தாம் தேர்ந்தெடுத்த கடிதங்கள் மட்டுமே. வென்றவர் ஏட்டில் தோற்றவர் கொடியவராகவே காட்சியளித்தார்.

பின்னர் 1916-இல், சிருங்கேரி மடத்திலிருந்த திப்புவின் கன்னடக் கடிதங்கள் வெளிவந்தன. மராட்டியப் படையினர் சூறையாடிய அம்மடத்திற்கு அவர் உதவியதை அவை காட்டுகின்றன. ஆயினும், குடகிலும் மலையாளக் கரையிலும் அவர் படைகள் இழைத்த துன்பமும், 1784-இல் மங்களூர்க் கிறிஸ்தவர்கள் சிறைகொண்டு செல்லப்பட்டதும் மறைந்துவிடவில்லை. ஒரு சான்று மற்றொன்றை அழிப்பதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்தே நாம் எடைபோட வேண்டும்.

கர்நாடக அரசு 2015-இல் தொடங்கிய திப்பு ஜயந்தி விழா 2019-இல் நிறுத்தப்பட்டது. பட்டம் மாறியதேயன்றிப் பழஞ்சான்றுகள் மாறவில்லை.

ஆதலின், ஓர் அரசரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ படிக்கும்போது சில வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். எழுதியவர் யார்? எவர் சார்பில் எழுதினார்? எக்கடிதத்தைச் சேர்த்தார், எதனை விடுத்தார்? அவ்வாட்சியில் வாழ்ந்தவர் யார், வருந்தியவர் யார்? இவற்றிற்கு விடை தேடிய பின்னரே தீர்ப்புரைப்பது முறையாகும்.