ஊகிக்க மறுக்கும் தரவுத்தளம்

இணையப் படிவத்தில் நாம் தட்டும் எழுத்தை ஒரு செயலி அப்படியே தரவுத்தள வினவலுக்குள் ஒட்டினால், விஷமி எழுதியதும் கட்டளையாகவே ஓடிவிடும். அதனால் மதிப்பு வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, மதிப்பைத் தனியே அனுப்புவது வழக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அந்தக் காலியிடத்துக்கு $1 என்று பெயர். அங்கே வரப்போவது எண்ணா, எழுத்தா, தேதியா என்று செயலி சொல்லாவிட்டால், அக்கம்பக்கம் பார்த்துத் தரவுத்தளமே முடிவு செய்யும். 'வயது = $1' என்றால், வயது முழு எண் என்பதால் $1-உம் முழு எண். ஆனால் '$1 வெறுமையா?' என்பது மட்டுமே கேள்வியானால் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. வகையைத் தீர்மானிக்க முடியவில்லை என்று வினவலையே நிராகரித்துவிடும். ஊர் பெயர் தராவிட்டால் எல்லா ஊர்களையும் காட்டும்படி எழுதப்படும் தேடல்களில் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டும்.

வெறுமையா என்று பார்க்க வகை எதற்கு என்று நிரலாளர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் மதிப்பு வருவதற்கு முன்பே வினவல் அலசப்பட்டுவிடுகிறது. பிறகு வந்துசேரும் பைட்டுகளை எப்படி வாசிப்பது என்பதை வகைதான் சொல்கிறது. சரி, தெரியாததையெல்லாம் எழுத்து என்று கொள்ளலாமே? வெறுமனே '$1-ஐக் காட்டு' என்னும் வினவலுக்கு, 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் அப்படித்தான் செய்கிறது. கணக்கு என்று வந்தால் அது போதாது. தேதியிலிருந்து எண்ணைக் கழித்தால் இன்னொரு தேதி கிடைக்கும். தேதியைக் கழித்தால் நாட்களின் எண்ணிக்கை கிடைக்கும். 'இன்றைய தேதி - $1' என்று எழுதினால், மறுபக்கம் இருப்பது தேதி என்பதால் $1-ஐயும் தேதி என்றே போஸ்ட்கிரெஸ் கொள்கிறது. ஏழு நாள் முந்தைய தேதி வேண்டுமென்று 7-ஐ அனுப்புகிறவருக்குப் பிழைதான் கிடைக்கும். விதிப்படி செய்த ஊகமே இப்படித் தவறுகிறது.

வகையைத் தாராளமாக மாற்றிக்கொள்ளும் தரவுத்தளங்களும் உண்டே என்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் பெயர்கள் எழுத்தாக உள்ள நெடுவரிசையை 0 என்னும் எண்ணோடு ஒப்பிட்டால், எண்ணில் தொடங்காத ஒவ்வொரு பெயரும் 0-ஆக மாறி, தேடலில் அத்தனையும் வந்து நிற்கும். எச்சரிக்கை வரும், பிழை வராது. நிராகரிப்பு கண்ணில் படும். தவறான விடையோ சரியானதுபோல் அறிக்கையில் ஏறிவிடும். எனக்கு முன்னதே மேல்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழப்பத்துக்கு இடமுள்ள வினவல்களில் $1-க்குப் பக்கத்திலேயே அதன் வகையை எழுதிவிடுங்கள். ஒரு சொல் போதும்.